தமிழ்த்துறையில் தூளி கட்டிய வருடம்

தமிழ்த்துறைக் கருத்தரங்க அறையின் நடுவில், புலவர்களின் படங்களுக்குக் கீழே, வெளிறிப்போன நீலச் சுங்குடிப் புடவையில் கட்டிய ஒரு தூளி தொங்கியது. அதற்குள் யாருடைய குழந்தையோ காலை உதைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில், முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு எங்கள் துறைத்தலைவர் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். ஏதோ கையெழுத்து வாங்க வந்த வேறு துறை ஊழியர் வாசலிலேயே நின்று, தப்பான அறைக்கு வந்துவிட்டோமோ என்று பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் திட்ட உதவியாளராக இருந்த காலத்தை நினைத்தால் முதலில் மனதில் வருவது இந்தக் காட்சிதான்.

துறைத்தலைவரை நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் அழைப்போம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டி ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெய்வங்களையும் அரசர்களையும் குழந்தையாக்கிப் பாடுகிற பிள்ளைத்தமிழ்தான் அவருடைய ஆய்வுத்துறை. எந்தப் பருவத்தில் பிள்ளை செங்கீரை ஆடும், எந்தப் பருவத்தில் சப்பாணி கொட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் நிஜமான பிள்ளையை அவர் கையில் வாங்கி யாரும் பார்த்ததில்லை. பழைய மாணவிகள் கைக்குழந்தையோடு பார்க்க வந்தால் முகமெல்லாம் சிரிப்பார். சிரித்தபடியே நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

எல்லாம் துணைவேந்தர் கூட்டிய ஒரு கூட்டத்தில் ஆரம்பித்தது. எந்தெந்தத் துறை வெளியிலிருந்து ஆய்வு நிதி கொண்டுவந்திருக்கிறது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இயற்பியல், வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் எல்லாம் மளமளவென்று பதில் சொல்ல, தமிழின் முறை வந்தது. ஐயா எழுந்து துறை வெளியிட்ட நூல்களைச் சொன்னார், நடத்திய கருத்தரங்குகளைச் சொன்னார். “அதெல்லாம் சரிங்க ஐயா, வெளியிலேருந்து ஒரு ரூபா வந்திருக்கா?” என்று துணைவேந்தர் கேட்டார். நிதி கொண்டுவராத துறைகளில் காலி இடங்கள் நிரப்பப்படமாட்டா, புதிய ஆய்வு மாணவர்களும் சேர்க்கப்படமாட்டார்கள் என்று அந்தக் கூட்டத்திலேயே அறிவித்தார்கள். ஐயா துறைக்குத் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, “நம்மள வாசல்ல நிக்க வச்சுட்டாங்கம்மா” என்றார். எனக்கு அப்போதுதான் உதவித்தொகை முடிந்திருந்தது. ஆய்வேட்டில் பாதிகூட எழுதவில்லை. கே.கே. நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை இருக்கிறது, போய்ச் சேர் என்று வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காப்பாற்ற வந்தவர் விலங்கியல் துறைப் பேராசிரியை. எலிகளின் தூக்கத்தைப் பற்றியே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். கேன்டீனில் ஐயாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, பாதி வடையில் இருந்தவரிடம் கேட்டார். “எலி ரொம்பப் பார்த்தாச்சுங்க ஐயா. இந்தத் தாலாட்டு இருக்கே, அது நெஜமாவே தூங்க வைக்குதா?”

“இதுல என்னம்மா சந்தேகம்?”

“யாராச்சும் அளந்து பார்த்திருக்காங்களா?”

ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தாலாட்டை அளப்பதாவது! ஆனால் அன்று மாலையே அந்தப் பேராசிரியையின் அறைக்குப் போய், எப்படி அளப்பீர்கள் என்று விசாரித்தார். அறிவியலும் இலக்கியமும் சேர்ந்து செய்கிற ஆய்வுகளுக்கென்று ஒரு நிதித் திட்டம் இருந்தது. இருவரும் விண்ணப்பித்தார்கள். கிடைக்காது என்று ஐயா உறுதியாக நம்பியிருந்ததால் கவலையில்லாமல் எழுதினார். கிடைத்துவிட்டது. எனக்கும் அதில் திட்ட உதவியாளர் வேலை கிடைத்தது.

பல்கலைக்கழக வாசலில் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். மற்ற துறைப் பேராசிரியர்களின் படத்தோடு நுண்ணோக்கி, சோதனைக் குழாய் எல்லாம் இருந்தன. ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில், இணையத்தில் எங்கிருந்தோ எடுத்த தங்கநிற முடியும் நீலக் கண்ணுமாக ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. மேலே “வாழ்த்துகள்” என்று கொட்டை எழுத்து. பஸ்ஸில் வந்த ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “சொல்லவே இல்லையே சார்” என்று ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

நிதி வந்துவிட்டால் போதாது, செலவழிக்க வேண்டுமே. தூளிக்குப் புடவை வேண்டும் என்று கணக்குப் பிரிவுக்கு எழுதினோம். கண்காணிப்பாளர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். தூளி கருவியில் வருமா, தீர்ந்துபோகும் பொருளில் வருமா என்பது அவருடைய முதல் சந்தேகம். “குழந்தை நனைக்கிறதப் பொறுத்துங்க” என்றார் விலங்கியல் மேடம். மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி வாருங்கள் என்றார் கண்காணிப்பாளர். புதுப் புடவை மொடமொடவென்று குத்தும், துவைத்துத் துவைத்து நைந்த பழைய புடவைதான் தூளிக்கு ஆகும் என்று விளக்கினோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “பழைய புடவைக்கு ஜி.எஸ்.டி. பில் தருவாங்களா?” கடைசியில் நான்தான் அம்மாவின் சுங்குடிப் புடவையை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழு முன்னாலும் போய் நிற்க வேண்டியிருந்தது. தாலாட்டால் பக்கவிளைவு ஏதும் உண்டா என்று ஒரு மருத்துவர் அக்கறையாகக் கேட்டார். ஐயா யோசித்து, “நான் பாடினா உண்டுங்க” என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் நான் குழந்தை தேடிப் புறப்பட்டேன். தென்னூரிலும் மன்னார்புரத்திலும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினால், “சொட்டு மருந்தா?” என்று கேட்பார்கள். “இல்லைங்க, தாலாட்டு” என்பேன். உள்ளே போய்க் கணவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எப்படியோ சில தாய்மார்கள் சம்மதித்தார்கள். வேனில் வந்து இறங்கும் அவர்களை ஐயா மாநாட்டுக்கு வந்த அறிஞர்களை வரவேற்பதுபோலக் கைகூப்பி வரவேற்பார். “வாங்க, வாங்க, உக்காருங்க” என்று குழந்தைகளையும் சேர்த்தே சொல்வார்.

குழந்தையின் காலில் ஒரு சின்னப் பட்டையைக் கட்டிவிடுவார் மேடம். அது இதயத் துடிப்பையும் தூக்கத்தையும் பதிவு செய்யும். ஒரு நாள் தாலாட்டு. மறுநாள் அதே குரல், அதே ஆட்டம், ஆனால் பாட்டு கூடாது. அப்போதுதான் ஒப்பிட முடியும் என்றார். “பாட்டு கூடாதுன்னா எதைப் படிக்கிறது?” என்று ஐயா கேட்டார். உணர்ச்சியே இல்லாத உரைநடையாக இருக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். தமிழ்த்துறையில் அப்படி ஒன்றைத் தேடினோம். மேஜைமேல் ஆட்சிக்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு இருந்தது.

அதன் பிறகு ஒரு நாள் ஆராரோ, ஒரு நாள் ஆட்சிக்குழு என்று மாறி மாறி நடந்தது. “விடுதிக் கட்டண உயர்வு தொடர்பாக அமைக்கப்பட்ட துணைக்குழுவின் பரிந்துரை ஏற்கப்பட்டது” என்று ஐயா தூளியை ஆட்டிக்கொண்டே மெல்லப் படிப்பார். குழந்தை கொட்டாவி விடும்.

வருடக் கடைசியில் மேடம் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்து எங்களை அழைத்தார். தாலாட்டுக்கும் தீர்மானத்துக்கும் குழந்தைகளின் தூக்கத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆட்டினால் தூங்குகின்றன, என்ன சொல்லி ஆட்டினாலும் தூங்குகின்றன. ஐயா நெடுநேரம் எதிர்ச்சுவரில் இருந்த புலவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவர்களிடம் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருப்பவர்போல இருந்தது அவர் முகம்.

நிதி கொடுத்தவர்கள் ஆளனுப்பிப் பார்வையிட்டு, திருப்தியானால்தான் இரண்டாம் ஆண்டுப் பணம் வரும். வராவிட்டால் என் வேலை அன்றோடு முடிந்தது. நான் ஐயாவிடம் போனேன்.

“பாட்டுக்குக் கொஞ்சம் கூடத்தானே இருக்குங்க ஐயா. நம்பிக்கை தருதுன்னு எழுதலாமே?”

“கூட இல்லம்மா. தென்னூர்க் குழந்தைக்கு அன்னைக்கு வயிறு ரொம்பியிருந்துச்சு. மேடம் சொன்னாங்கள்ல?”

“என் ஆய்வேடு பாதியில நிக்குதுங்க ஐயா.”

“தெரியும்மா. ராத்திரியெல்லாம் அதத்தான் நெனச்சேன்.” மேஜைமேல் இருந்த கணக்குத் தாள்களை அடுக்கி வைத்தார். “ஆனா தாலாட்டுக்கு நான் வக்கீல் இல்லம்மா, வாத்தியார்.”

அழுகையும் ஆத்திரமுமாக வெளியே வந்தேன். பள்ளிக்கூட வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று அன்றே போனில் கேட்டேன். இருந்தது.

பார்வைக்குழு வந்தது. தலைவி வெளியூரைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியை; முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. பின்னாலேயே துணைவேந்தரும் வந்து உட்கார்ந்துகொண்டார். செய்துகாட்டச் சொன்னார்கள். மன்னார்புரத்திலிருந்து ஓர் இளம் தாய் தன் பெண்குழந்தையோடு வந்திருந்தாள். மூலையிலிருந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்து, குழந்தையைத் தூளியில் இட்டு, ஐயா பாட ஆரம்பித்தார். பயத்தில் குரல் இரண்டாகப் பிளந்து கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் கேட்டது. குழந்தை தூளி விளிம்பைப் பிடித்து எட்டி, குழுவினரை ஒவ்வொருவராகப் பார்த்தது. தூங்குவதாகத் தெரியவில்லை. பாட்டு முடிந்தபோது அது துணைவேந்தரைப் பார்த்துச் சிரித்தது.

“குழந்தை தூங்கலையே” என்றார் தலைவி.

“தூங்கலைங்க. பாட்டாலதான் தூங்குதுன்னு எங்க ஆய்விலயும் வரல” என்று ஐயா அறிக்கையைக் கையில் எடுத்தார். தாலாட்டும் தீர்மானமும் ஒன்று என்பதை, எதையும் மூடாமல், பல்கலைக்கழகத்தின் எந்தத் தீர்மானம் என்பது உட்படப் படித்தார். துணைவேந்தர் மேற்கூரையைப் பார்த்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குறட்டைச் சத்தம் வந்தது. மன்னார்புரத்துப் பெண் சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, உலகமே தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாம் என்று நான் போனேன். தலைவி வேண்டாம் என்று கையை உயர்த்தினார். “இவங்க இப்படித் தூங்குறது வழக்கமா?” என்று என்னிடம் கிசுகிசுப்பாகக் கேட்டார்.

“ஆமாங்க மேடம். பாட்டுன்னா பாதிப் பேரு தூங்கிடுவாங்க. தீர்மானம் படிச்சா முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க, கட்டணம் ஏறுதேன்னு.”

“அவங்கள யாரு அளந்தீங்க?”

யாரும் அளக்கவில்லை. பட்டை குழந்தைக் காலின் அளவுக்குத்தான் இருந்தது. விலங்கியல் மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார், அதையும் சத்தமில்லாமல். மீதிக் கேள்விகள் முழுவதையும் குழுவினர் ரகசியம் பேசுகிற குரலில் கேட்டார்கள். நடுவில் குழந்தை சிணுங்கியது. யாரும் எழுவதற்கு முன்னால் ஐயா போய்க் குனிந்து, ஏட்டுச்சுவடியை எடுப்பதுபோல இரண்டு கையாலும் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அப்படியே நின்று பதில் சொன்னார்.

தாய் திடுக்கிட்டு விழித்தாள். “ஐயோ, தூங்கிட்டேனாங்க? மன்னிச்சுக்கங்க சார், பாப்பா பொறந்ததுலேருந்து...” என்று எழுந்தாள்.

“உக்காரும்மா” என்றார் தலைவி. “நாங்க இன்னும் முடிக்கல. நீ தூங்கு.”

இரண்டாம் ஆண்டு நிதி வந்தது. தலைப்பை மட்டும் மாற்றச் சொன்னார்கள்: தாலாட்டும் தாயின் தூக்கமும். பெரிய பட்டைகள் வாங்கினோம், கொட்டேஷனோடு. பெண்கள் பாட்டுக் கேட்டு மட்டுமல்ல, தாங்களே பாடும்போதும் அமைதியாகிறார்கள் என்று தெரிந்தது. ஆண்டறிக்கையில் தமிழ்த்துறையின் பெயர் இயற்பியலுக்கு அடுத்த வரியில் வந்தது. நான் ஆய்வேட்டை முடித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நிதி கொண்டுவந்தீர்களா என்று எங்களையும் கேட்கிறார்கள்.

ஐயா ஓய்வுபெற்ற பிறகு எனக்கு மகள் பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தொட்டிலுக்குத்தான் நேராகப் போனார்கள். எடை என்ன, யார் ஜாடை, பால் குடிக்கிறாளா, இரவில் தூங்குகிறாளா என்று கேட்டார்கள். ஒரு நாள் பிற்பகல் ஐயா ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, இரண்டு மாதுளம்பழங்களோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் தொட்டில் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார்.

“நீ தூங்குறியாம்மா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டிலிலிருந்து குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, “போ, போய்ப் படு” என்றார். அடுத்த அறையில் அந்தப் பிளந்த குரல் கேட்க ஆரம்பித்தது. முதல் கண்ணியைத் தாண்டி எதுவும் என் காதில் விழவில்லை.