ஜப்பானுக்குப் போகாத பருத்தி

திருமங்கலத்தில் ஜப்பான் கம்பெனி ஏஜெண்டு ஒருவருக்குப் பருத்தி வாங்கித் தருவது அப்போது என் வேலை. என் பேச்சை நம்பித்தான் அக்காள் வீட்டுக்காரர் கரிசல் முழுவதும் பருத்தி போட்டார். பறித்த பருத்தி வீடு நிறையக் கிடந்த நேரத்தில், ஜப்பானோடு சண்டை மூளும் நிலை வந்து, அந்த நாட்டோடு வியாபாரமே கூடாதென்று வெள்ளைக்காரச் சர்க்கார் நிறுத்திவிட்டது. ஏஜெண்டு கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மடியில் ஒரு பிடி பஞ்சோடு தினமும் பஸ் ஏறி மதுரை மில்களுக்கு அலைந்தேன். போன இடமெல்லாம் பஞ்சை இழுத்துப் பார்த்து, "இழை குட்டை, எங்க மிஷினுக்கு ஆகாது" என்றார்கள். மச்சான் முகத்தில் விழிக்கவே கூசியது. ஒருநாள் காலையில் அவரே தேடி வந்தார்.

"எம்புட்டு நாளைக்கு இப்படி அலைவ மாப்ள?"

"நான்தான மச்சான் பருத்தி போடச் சொன்னேன்."

"சொன்ன, நானும் போட்டேன். சண்டையை நீயா மூட்டிவிட்ட? இந்த வருஷம் சோளம் வெதைக்கப் போறேன். ஏர் பிடிக்க ஆளில்ல, வா."

போனேன். பஞ்சை மெத்தை தைப்பவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டோம். சோளம் நன்றாகவே விளைந்தது. ஆனாலும் யாராவது பேப்பர் படித்தால் பக்கத்தில் போய் நின்று, எந்த நாடு எதோடு முறைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கும் பழக்கம் என்னை விடவில்லை.