பொம்மையின் மார்பில் போட்ட துண்டு

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. நெஞ்சுத் துடிப்பு நின்றுபோனவனுக்கு எப்படி அழுத்த வேண்டும் என்று முதலுதவி வகுப்பில் பழகுவதற்கான பொம்மைகளை அங்கே செய்கிறார்கள். அவற்றைச் சோதிப்பது நான். மேசையில் கிடத்தி, கம்பியில் தொங்கும் எடைக்கல்லை நெஞ்சின் மேல் தொப்பென்று விடுவேன். பக்கத்து அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சரி. இறங்காவிட்டால் பொம்மையின் நெற்றியில் சாக்பீஸால் பெருக்கல் குறி.

அதுவரை வந்தவை வெறும் தலையும் மொழுமொழு நெஞ்சும்தான். அன்று வந்தவை முழு ஆண்பிள்ளைகள், மார்க்காம்பு, தொப்புள் எல்லாம் வைத்து. கட்டினவர் குளிக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான். தோளில் கிடந்த தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்து மார்பில் போட்டுத்தான் கல்லை இறக்கினேன். முள் ஒன்றுக்கும் கோட்டைத் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் பெருக்கல் போட்டேன்.

மதியம் சூப்பர்வைசர் வந்து குறிகளைப் பார்த்தார். ஸ்பிரிங் மாட்டுகிற பிட்டரைக் கூப்பிட்டார்.

"போர் போடுற ரிக்கு வண்டி ஸ்பிரிங்கக் கழட்டி மாட்டிட்டியாடா?"

"சரியாத்தானுங்கண்ணா போட்டேன்."

இரும்புக் குழாயால் தோளில் ஒன்று விழுந்தது. குனிந்தவரை உதைத்தார். பிட்டரின் வாய் மேசையில் இருந்த இரும்புப் பிடிகருவியான வைஸின் முனையில் மோதி, பல் ஒன்று தரையில் தெறித்தது. மறுபடியும் குழாய் ஓங்கியது.

துண்டுதான் காரணம் என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அடி நிற்கும். எதற்குத் துண்டு போட்டாய் என்று கேட்டால், அத்தனை ஆண்கள் முன்னால் என்ன சொல்வேன்? அதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்துவிட்டது.

துண்டைப் பொம்மையின் மேல் போட்டுக் கல்லை விட்டேன்; முள் கோட்டைத் தொடவில்லை. பிறகு துண்டை எடுத்துவிட்டுக் கல்லை இறக்கினேன். முள் சிவப்பில் நின்றது.

சூப்பர்வைசர் குழாயைக் கீழே போட்டார். "பொம்மைக்கிட்டக்கூட வெக்கமாங்க ஆத்தா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார். அடித்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிட்டர் சிரிக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கையை பொம்மையின் வெற்று மார்பில் அறைந்து வைத்து, மேலே தன் கையைப் போட்டு ஓங்கி அழுத்தினார். என் விரலெலும்பு நெரிந்தது.

"கடிக்குதுங்களா ஆத்தா? சொல்லுங்க. கடிக்குதுங்களா?"

மறுபடி அழுத்தினார், மறுபடியும். அவர் வாயிலிருந்து ரத்தம் என் கைமேல் சொட்டியது. அவராக விடும்வரை நான் கையை இழுக்கவில்லை.