வரிசையில் அரை அடி

2022 செப்டம்பர் 3, சனிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். அல்பேனியாவின் தலைநகரான திரானாவில், விமான நிலைய வாசலில், கண்ணகியும் மிமோசாவும் முதன்முதலாக நேருக்கு நேர் நின்றார்கள். கண்ணகிக்கு வயது இருபத்து மூன்று. தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் இரண்டு ஜோடி பூட்ஸ், ஒரு கிலோ இட்லிப் பொடி. மிமோசாவுக்கு முப்பத்து நான்கு. தென்கிழக்கே மலைகளுக்கு நடுவில் கிடக்கும் கொர்ச்சா நகரத்தின் ‘மொராவா’ பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர், தலைவியும் அவளே. வயிற்றுப் பாட்டுக்கு ரொட்டிக்கடையில் வேலை. அன்றைக்குக் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள்.

“நீதானே புது ஸ்ட்ரைக்கர்?” என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஆங்கிலம் ஒன்றுதான்.

கண்ணகி ஊர் வழக்கப்படி தலையை இரு பக்கமும் சாய்த்து ஆட்டினாள். மிமோசா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த நாட்டிலும் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில்தான் ஆட்டுவார்கள். மேலும் கீழும் அசைத்தால் இல்லை என்று பொருள். இதற்கு முன் வந்த வெளிநாட்டுக்காரிகள் எல்லோரும் மாதக்கணக்கில் தலையைத் தப்பாக ஆட்டி, வேண்டாத சாப்பாட்டைத் தின்றிருந்தார்கள்.

“தலையையாவது ஒழுங்காக ஆட்டுகிறாய். காலையும் பார்ப்போம்” என்று பெட்டியை வாங்கிக் காரில் வைத்தாள் மிமோசா.

கண்ணகியின் ஊர் கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அந்த வயல்களில் ஒரு சென்ட்டும் அவர்களுடையதன்று. தாய் தைலம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவள். கண்ணகியும் பதினான்கு வயதிலிருந்து பள்ளி விடுமுறைகளில் அதே சேற்றில் இறங்கினாள். அரசுப் பள்ளியில் கற்ற கால்பந்து அவளை மாவட்டப் போட்டிக்கும், பிறகு சென்னையில் ஒரு சங்கத்துக்கும், அங்கிருந்து கேரளத்தில் இன்னொரு சங்கத்துக்கும் கொண்டுபோனது. மூன்று பருவங்களில் ஐம்பத்திரண்டு கோல். அவற்றைத் தொகுத்த வீடியோவைப் பார்த்துத்தான் மொராவா சங்கம் அவளை அழைத்தது. அந்த வீடியோவில் கோல்கள் இருந்தன, கொடிகள் இல்லை.

குறை அங்கேதான் இருந்தது. பந்து உதைபடும் கணத்தில் எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி முன்னால் நின்றால் ஆஃப்சைடு. ஓரத்தில் நிற்கும் துணை நடுவர் கொடியைத் தூக்குவார். கோல் விழுந்தாலும் செல்லாது. கண்ணகிக்கு இந்த விதி தெரியாமல் இல்லை. ஆனால் அவள் வளர்ந்த மைதானங்கள் பலவற்றில் கொடி பிடிக்க ஆள் கிடைத்ததில்லை. கிடைத்த இடத்தில் தடுப்பாளர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறி நின்றார்கள். அவர்களைத் தாண்டி ஓட வேகம் ஒன்றே போதுமாயிருந்தது. அல்பேனியாவிலோ நான்கு பெண்கள் ஒரு கயிற்றில் கட்டியதுபோல் நின்றார்கள். ஒருத்தி குரல் கொடுத்ததும் நால்வரும் சட்டென்று ஓரடி முன்னேறுவார்கள். கண்ணகி அவர்கள் முதுகுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வாள். கொடி உயரும்.

முதல் ஆறு ஆட்டங்களில் அவள் கணக்கு ஒரு கோல், இருபத்து மூன்று கொடி.

“இன்னா கண்ணு, இன்னிக்கி கோல் போட்டியா?” என்று போனில் கேட்டாள் தைலம்மாள்.

“மூணு போட்டம்மா.”

“அடி என் தங்கமே!”

“மூணும் செல்லாதுன்னுட்டாங்க.”

“எவன்டி சொன்னவன்?”

“கொடி புடிச்சிக்கினு ஓரமா ஒருத்தர் ஓடுவாரும்மா. அவரு தூக்கிட்டாரு.”

“ஓரமா ஓடறவனுக்கு இன்னா அவ்ளோ ரோசம்? அந்தக் கொடிய புடுங்கி வீசிட்டு வா!”

சிரிப்பு வந்ததே தவிர, கண்ணகிக்கு உறக்கம் வரவில்லை. அவளுடைய ஒப்பந்தம் டிசம்பர் பத்தாம் தேதி ஆட்டம் வரைக்கும்தான். அதன்பின் பனிக்கால இடைவேளை. வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்பதைச் சங்கம் அப்போது முடிவு செய்யும். நவம்பர் இரண்டாம் வாரத்தில் பயிற்சியாளர் அவளை அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர்; பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை.

“அணியிலும் கேட்டுவிட்டேன். உன்னை இப்போதே அனுப்பிவிடலாம் என்கிறார்கள். பத்தாம் தேதி வரை நான் பொறுக்கிறேன். அன்றைக்கு வரப்போவது வடக்கத்தி அணி. ஒன்றரை ஆண்டாகத் தோற்காதவர்கள். அவர்கள் வரிசையை உடைத்தால் நீ இருக்கிறாய். இல்லையென்றால் டிக்கெட் எடுத்துத் தருகிறோம்.”

திரும்பிப் போனால் நடவு வரிசையில் இடம் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து எழுந்து வருவதற்குத்தான் ஒன்பது ஆண்டு ஓடியிருந்தாள்.

நவம்பர் 13, ஞாயிறு, கொர்ச்சாவில் காலை ஆறு மணி; ஊரில் பத்தரை. தைலம்மாள் வயலிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தாள். சம்பா நடவு. வரப்பில் நின்றபடி, சேற்றுக் கையால் போனை ஒவ்வொருத்தி பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

“ஏ கண்ணகி! வெள்ளக்காரி ஆயிட்டியாடி?” என்று கத்தினாள் சின்னப்பொண்ணு. வரிசையில் வாய் ஓயாதவள் அவள்.

“இல்ல அத்த, குளுருல மூஞ்சி வெளுத்துப் போச்சி.”

“அங்க நடவு உண்டாடி?”

“இங்க பனிதான் அத்த நட்டு வெச்சிருக்கான்.”

“அவள வுடுங்கடி, வயக்காரரு கூலிய நிறுத்திடப் போறாரு” என்று அதட்டினாள் பச்சையம்மாள். இடுப்பு வலிக்காரி, வரிசையின் கோடியில் நிற்பாள்.

தைலம்மாள் போனைத் தூக்குச்சட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள். கண்ணகியும் துண்டிக்கவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ பருவம் அந்த வரிசைக்குள் நின்றிருக்கிறாள். ஆனால் எதிரில் நின்று அதைப் பார்த்ததில்லை. வரிசைக்குள் நிற்பவளுக்குத் தன் கையும் நாற்று முடியும் காலடிச் சேறும்தான் தெரியும். இப்போது வரப்பிலிருந்து பார்த்தபோது பன்னிரண்டு பெண்கள் அவளை நோக்கிக் குனிந்து நின்றார்கள். நட்டார்கள், பின்னால் ஓரடி வைத்தார்கள், மறுபடி நட்டார்கள். ஒரே உடம்புபோல நகர்ந்தார்கள். முதல் ஐந்து நிமிடம் அவளுக்கு அது அழகாக மட்டும் தெரிந்தது. பிறகுதான் அது ஒரே உடம்பில்லை என்பது புலப்பட்டது. பதினொரு பேர் கால் எடுத்த பிறகு பச்சையம்மாளின் கால் எழுந்தது. வலிக்கும் இடுப்பை அவள் ஒரு கணம் தேற்ற வேண்டியிருந்தது. சின்னப்பொண்ணு பேசாதவரை எல்லோருடனும் நகர்ந்தாள்; வாயைத் திறந்தால் அரை அடி பிந்தினாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கண்ணகி எண்ணிப் பார்த்தாள். நாற்பது நகர்வில் நாற்பதிலும் வரிசையில் எங்கோ ஓரிடம் பிசகியே இருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நடவில் பின்னால் நகர்கிறார்கள். தடுப்பாளர்கள் முன்னால் ஏறுகிறார்கள். எந்தப் பக்கம் என்பதா முக்கியம்? நான்கு பேர் சேர்ந்து ஏறும்போது ஒருத்தி அரை அடி பிந்தினால், அவள் நிற்கும் இடம்தான் எல்லை. துணை நடுவரின் கொடி அவளைப் பார்த்துத்தான் எழும் அல்லது கிடக்கும். இத்தனை நாள் வேகமான காலோடு போட்டி போட்டது மடத்தனம். மெதுவான காலைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அடுத்த இரண்டு ஆட்டங்களில் முதல் இருபது நிமிடம் அவள் பந்துக்காக ஓடவேயில்லை. பார்த்துக்கொண்டே நடந்தாள்.

“பூங்காவுக்கு வந்திருக்கிறாயா?” என்று பின்னாலிருந்து மிமோசா கத்தினாள்.

“செத்த இருடி, எண்ணிக்கினு இருக்கேன்” என்று தமிழிலேயே பதில் கொடுத்தாள் கண்ணகி. அவ்விரண்டு ஆட்டங்களில் இரண்டு கொடி, மூன்று கோல். எதிரணிகள் சிறியவை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் பத்து. மொராவா மலை வெள்ளையாக நின்றது. மைதானத்துப் பனியை வழித்து ஓரத்தில் குவித்திருந்தார்கள். எண்ணூறு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் வடக்கத்தி அணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள். முப்பதாவது நிமிடத்தில் அந்த அணி ஒரு கோல் போட்டது. பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்ணகி பார்த்தாள். ஆனாலும் அவசரப்படவில்லை. அவர்களுடைய வரிசையில் மூன்றாம் எண் சட்டைக்காரி, ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவளை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வைக்கு ஆகும் நேரம் அரை அடி.

ஐம்பத்தெட்டாவது நிமிடம். கண்ணகி மூன்றாம் எண்ணின் தோளை ஒட்டி நின்றாள். நடுக்களத்திலிருந்து பந்து கிளம்பியது. மூவர் ஏறினார்கள், ஒருத்தி பார்த்தாள். கண்ணகி ஓடினாள். வழக்கப்படி கை தூக்கிக் கொடியைக் கேட்ட தடுப்பாளர்கள் திரும்பிப் பார்த்தபோது கொடி துணை நடுவரின் தொடையோடு ஒட்டிக் கிடந்தது. பந்து வலைக்குள் கிடந்தது.

எதிரணிப் பயிற்சியாளர் விவரமானவர். உடனே மூன்றாம் எண்ணை வெளியே எடுத்துவிட்டு, துடியான ஒரு பெண்ணை இறக்கினார். வரிசை புதிதாகக் கட்டப்பட்டது. மறுபடியும் கண்ணகி நடந்தாள், பார்த்தாள், எண்ணினாள். பத்து நிமிடம் நால்வரும் பிசகாமல் ஏறினார்கள். கூட்டம் அவளைப் பார்த்துச் சீழ்க்கையடித்தது. எழுபத்தைந்தாவது நிமிடத்தில் அவளுக்கு விடை கிடைத்தது. பிந்துகிறவள் அவர்களிலேயே கெட்டிக்காரி, நாட்டின் அணிக்கு ஆடியவள், நடுவில் நின்று “ஏறு!” என்று குரல் கொடுப்பவள். வாயைத் திறந்து ஆணையிடும் நேரம் அவள் கால் நின்றது. மற்ற மூவர் அந்தக் குரலுக்கே ஏறினார்கள்.

எண்பத்தொன்றாவது நிமிடத்தில் அந்த வாய் திறந்தபோது கண்ணகி அவள் பக்கத்தில் இருந்தாள். வாய் மூடியபோது இல்லை. கோல்கீப்பரை இடப்புறம் ஏமாற்றி வலப்புறம் தட்டிவிட்டாள். இரண்டுக்கு ஒன்று. கொடி எழவில்லை. எழுந்தது கூட்டம்தான், எண்ணூறு பேரும், வடக்கத்தி அணியைப் பார்க்க வந்தவர்களும் சேர்ந்தே எழுந்தார்கள். கண்ணகி மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்து, மறுகோடியில் தனியாக நின்றிருந்த மிமோசாவைக் கட்டித் தூக்கினாள். அவளை விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனவள் மிமோசாதான். சந்தோஷத்தைக் கொண்டுபோய்க் கொட்ட அந்த நாட்டில் அவளுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

அன்று மாலையே பயிற்சியாளர் புதிய ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார்.

“யம்மோவ்! கோல் போட்டேன். ரெண்டு. ரெண்டும் செல்லும்!”

“கொடிக்காரன் இன்னாடி பண்ணான்?”

“சும்மா நின்னுக்கினு இருந்தாரும்மா.”

“பின்ன? நம்ம கிட்ட நடக்குமா!” என்றாள் தைலம்மாள், தானே போய் மிரட்டிவிட்டு வந்தவளைப்போல.

மறுநாள் முற்பகலில் மிமோசா அவளைத் தன் ரொட்டிக்கடைக்கு அழைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய, கீரை வைத்த வட்ட ரொட்டியை வெட்டி அவள்முன் வைத்தாள். தான் உட்காரவில்லை.

“நவம்பரில் உன்னை அனுப்பிவிடச் சொன்னது யார், தெரியுமா? நான்தான். மற்றவர்கள் நான் சொன்னதற்குத் தலையாட்டினார்கள்.”

கண்ணகியின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது. “அப்புறம் எதுக்கு இப்பச் சொல்ற?”

“நேற்று நீ யாரிடம் ஓடி வந்தாய்?”

அதற்கு மேல் அவளுக்கு ஆங்கிலம் போதவில்லை. மாவு படிந்த வலக்கையை நெஞ்சில் வைத்து, “பெசா” என்றாள். அந்த மலைநாட்டில் அது கொடுத்த வாக்கின் பெயர். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாங்கியவர் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும்வரை கொடுத்தவர் கட்டுப்பட்டவர். “எப்போது வேண்டுமானாலும் ஒன்று கேள். எதுவானாலும் செய்கிறேன். உனக்குச் செய்த தப்புக்கு இது என் கடன்.”

கண்ணகி ரொட்டியை மென்று விழுங்கினாள். “இன்னொரு துண்டு வை” என்றாள்.

“இது கணக்கில் சேராது!”

“சேக்கல. பசிக்கிது, வை.”

அந்தப் பருவம் முடியும்போது கண்ணகிக்குப் பத்தொன்பது கோல். அணி லீகில் இரண்டாம் இடம், அதுவரை காணாத உயரம். 2023இல் எல்லை தாண்டி, கொசோவோவின் ப்ரிஸ்ரென் நகரத்துச் சங்கம் அவளை வாங்கிக்கொண்டது. அங்கே இரண்டு பருவத்தில் நாற்பத்து நான்கு கோலும் ஒரு கோப்பையும். எதிரணிப் பயிற்சியாளர்கள் அவளுக்கென்றே தடுப்பு வரிசையை மாற்றிக் கட்டினார்கள். கட்டிய ஒவ்வொரு வரிசையிலும் அவள் ஒரு காலைக் கண்டுபிடித்தாள்.

2024 ஆகஸ்டில் ப்ரிஸ்ரெனும் மொராவாவும் நட்பாட்டம் ஆடின. கண்ணகி இரண்டாவது கோலைப் போட்டபோது மிமோசா தரையில் உட்கார்ந்தபடியே கத்தினாள்.

“இப்போதாவது கேட்டுத் தொலையேன்! பாயாதே என்று கேள், பாயாமல் நிற்கிறேன். கடனும் தீரும்!”

“கேக்காமலே நீ பாயலியே!” என்றாள் கண்ணகி. இரண்டு அணியும் சிரித்தது.

அடுத்த ஆண்டு மே மாதம் மிமோசா கையுறையைக் கழற்றினாள். விடைபெறும் விருந்தில், எல்லோர் முன்னாலும் கண்ணகியைப் பிடித்து நிறுத்தினாள். “இவளுக்கு நான் கடன்பட்டவள். கேட்க மாட்டேன் என்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள்.”

விஷயம் ஊருக்கும் எட்டியது. “அந்தப் பொண்ணு அவ்ளோ ஆசையா கேக்குதே, எதுனா ஒண்ணு கேட்டு வாங்கிடேன்” என்றாள் தைலம்மாள்.

“இன்னா கேக்கறதும்மா? எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான், போவாம இருக்கணும்னு. அத அவ தர்றதுக்கு முன்னாடியே நானே எடுத்துக்கினேன்.”

அந்த ஆகஸ்டில் கண்ணகி குரோவேஷியாவில் ஒரு சங்கத்துடன் மூன்று ஆண்டுக்குக் கையெழுத்திட்டாள். மிமோசா ரொட்டிக்கடையிலிருந்து மாதம் ஒருமுறை கூப்பிட்டு, “யோசித்தாயா?” என்று கேட்பதுண்டு. கண்ணகி கடையில் அன்றைக்கு என்ன சுட்டார்கள் என்று விசாரிப்பாள். அந்தப் பெசாவை மட்டும் அவள் கேட்கவேயில்லை.