ஆறு சார்களும் ஒரு டீச்சரும்

மல்லசமுத்திரத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்த அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறு சார்கள், ஒரே ஒரு டீச்சர். அவள்தான் செல்வமேரி, அறிவியல். சேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். சாயங்கால பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று கண்டக்டருக்கே தெரியாத ஊர். அதனால் இடமாறுதல் கலந்தாய்வில் பெண்கள் டவுன் பள்ளிகளை எடுத்துக்கொள்வார்கள். பைக் வைத்திருக்கும் ஆண்கள் இங்கே வருவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் நாப்கின் பாக்கெட்டுகளும் ஒரு மாற்றுச் சுடிதாரும் வைத்திருந்தாள். வயிற்றுவலி என்றாலும், பஸ் ஸ்டாப்பில் எவனாவது வம்பு பண்ணினாலும் பெண்பிள்ளைகள் அவளிடம்தான் வருவார்கள். வேறு யாரிடம் போவது?

மார்ச் மாதத்தில் ஒருநாள் அவளைப் பயிற்சிக்காக நாமக்கல்லுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் அது நடந்தது. ஒன்பதாம் வகுப்பு யுவஸ்ரீ கணக்கு சாரிடம் வெளியே போகணும் என்று கேட்டிருக்கிறாள். அவர் உட்காரச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளையே போர்டுக்குக் கூப்பிட்டார். எழுந்து போனவளின் பின்பக்கக் கறையைப் பார்த்துப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து யுவஸ்ரீ வரவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றார் கணக்கு சார் பிரபாகர். முகம் செத்துப்போயிருந்தது. "எல்லாரும் இதையே சொல்லிட்டு வெளிய சுத்தறாங்கன்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தாலும் நான் என்னன்னு கேக்கறது, சொல்லுங்க?"

செல்வமேரி யுவஸ்ரீயின் வீட்டுக்குப் போனாள். அம்மா பாவாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க டீச்சர், இனி எந்த மொகத்தோட அனுப்பறதுங்க? நீங்க இருக்கறீங்கன்னுதான் புள்ளைய அனுப்புனேன். நீங்களும் மாத்தலாகிப் போறீங்கன்னு பேசிக்கறாங்களே?"

உண்மைதான். பக்கவாதம் வந்து கிடந்த கணவர் மார்ட்டினைப் பார்த்துக்கொள்ள, சேலத்துக்குப் பக்கத்தில் பனமரத்துப்பட்டிப் பள்ளிக்கு மாறுதல் கேட்டிருந்தாள். அந்த வருடம் கிடைத்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற யுவஸ்ரீ தலையை நிமிர்த்தவேயில்லை.

"நான் போகலைங்க. இவ பத்தாவது முடிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்," என்றாள் செல்வமேரி.

வாய்விட்டுச் சொன்ன பிறகு மாற்றிக்கொள்ள முடியவில்லை. கலந்தாய்வுக்குப் போகவில்லை. மார்ட்டின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜூனில் யுவஸ்ரீ பத்தாம் வகுப்புக்கு வந்து, கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தாள். போர்டுக்கு மட்டும் வரமாட்டாள். போகப்போகச் சரியாகிவிடும் என்று செல்வமேரி நம்பினாள்.

ஆகஸ்டில் பணிநிரவல் உத்தரவு வந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் ஓர் ஆசிரியர் உபரி. பணியில் இளையவள் செல்வமேரி. போட்ட இடம் குமாரபாளையம், பெண்கள் பள்ளி.

"சார், இங்க இருக்கற ஒரே பொம்பளை நான்தானே?" என்று தலைமையாசிரியர் நவநீதகிருஷ்ணனிடம் கேட்டாள்.

"மேல எழுதிப் பாத்துட்டேன் டீச்சர். உபரி கணக்குல ஆம்பளை பொம்பளைன்னு பாக்கறதில்லையாமுங்க."

குமாரபாளையத்துப் பள்ளியின் ஆசிரியர் அறை முழுக்கப் பெண்கள். செல்வமேரிக்கு நாற்காலி தேடித்தான் போட்டார்கள். இங்கே ஒரு பிள்ளைக்கு ஏதாவது என்றால் தாங்குவதற்கு எத்தனையோ கைகள் இருந்தன.

யுவஸ்ரீ நின்றுவிட்டாள் என்று பிரபாகர்தான் போனில் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் செல்வமேரி பஸ் ஏறினாள். பாவாயி உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தாள். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"புள்ள இப்ப நூல் மில்லுல இருக்குதுங்க. ஆஸ்டல்லயே தங்கிக்குது. எங்க அண்ணன் மகனுக்குப் பேசி வெச்சிருக்கறோமுங்க. வயசு ஆவட்டும்னு பாக்கறோம்."

"பரீட்சைக்கு மட்டுமாவது..."

"வேண்டாமுங்க டீச்சர். இன்னொருக்கா அனுப்பறதுக்கு எங்களுக்குத் தெம்பில்லைங்க."

செல்வமேரி மோரை முழுக்கக் குடித்தாள். மீதி வைத்தால் பாவாயி தப்பாக நினைப்பாளோ என்றிருந்தது. அன்றைக்கு பஸ் சீக்கிரமே வந்தது.