புவனம் அக்காவின் ஒட்டகம்

“அன்ரி, அம்மா போயிட்டா” என்று சுபா தொலைபேசியில் சொன்னபோது நான் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்தேன். எதிரே நின்றவருக்கு அடுத்த சந்திப்புக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை பத்தரை சரிதானே என்று கேட்டு, அட்டையில் எழுதிக் கொடுத்து, அவர் கதவைத் திறந்து போகும்வரை சிரித்துக்கொண்டிருந்த பிறகுதான் சுபா சொன்னது எனக்குள் இறங்கியது. “நித்திரையிலேயே அன்ரி. காலமை கோல் பண்ணினன், எடுக்கேல்லை. போய்ப் பார்த்தால் சும்மா ஸ்லீப் பண்ணுற மாதிரித்தான் இருந்தா.” கண்ணாடிக்கு வெளியே காற்றில்லாமல் பனி நேராக விழுந்துகொண்டிருந்தது. வீதியில் ஒரு பஸ் வந்து நின்று, ஒருவரும் ஏறாமல், மெதுவாகப் புறப்பட்டுப் போனது. அதை ஓட்டுவது புவனம் அக்காதான் என்று ஒரு கணம் நம்பினேன்.

சுபா அவருடைய ஒரே மகள். செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு நான் ஒன்று எழுதவேண்டும் என்றாள். “அந்த ஒட்டகக் கதையைக் கட்டாயம் எழுதுங்கோ அன்ரி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனால் நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். அதுதான் அம்மா. டோட்டலி அம்மா.” சொல்லும்போதே சிரித்தாள். அழுது வீங்கிய கண்ணோடு அவள் சிரித்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

உங்களில் பலருக்கும் அந்தக் கதை தெரியும். புவனம் அக்காவிடம் அரிய பழைய வெள்ளிக் கிண்ணம் ஒன்று இருந்தது. அதை நிபுணரிடம் காட்டப் போவதற்கு முன், பளபளப்பாக இருக்கட்டும் என்று தானே தேய்த்து, அதன் அடியில் குத்தியிருந்த முத்திரையை அழித்துவிட்டார். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அதைத் திருத்தாமல் இருந்தவள் நான். திருத்தாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் அது எனக்கே அடுக்காது.

டோர்செட் பார்க் பகுதியில் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவர் பதினாலாம் மாடி, நான் பதினோராம் மாடி. நகர பஸ் ஓட்டியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரிடம் கார் இருக்கவில்லை. “கிழமை முழுக்க ஊரை ஏத்தி இறக்கிறன். ஓய்வு நாளிலை ஆரும் என்னை ஏத்தி இறக்கட்டும்” என்பார். அந்த ஆரும் நான்தான். அவருக்கு லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளில் என் பழைய காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு மகாராணி போல இருப்பார். நான் லேன் மாற்றும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

வெள்ளி சேர்க்கத் தொடங்கியது எப்படி என்று ஒருநாள் கேட்டேன். பஸ் கடைசித் தரிப்பில் பத்து நிமிடம் நிற்கும் நேரம், பக்கத்துத் தேவாலயத்தில் பழைய சாமான் விற்பனை. கறுத்துப்போன ஒரு சட்டை ஊசியை வாங்கியிருக்கிறார். தகரம் என்று நினைத்தாராம். ஸ்கொட்லாந்துக்காரர் பழைய நாளில் செதுக்கிய மாதிரிப் பின்னல் வேலை. ஒரே இழை மேலும் கீழுமாகப் போய்த் தன்னிலேயே வந்து சேரும். “எங்கை துவங்குது எண்டு நகத்தாலை தடவிக்கொண்டு போனன். போனன், போனன், அது முடியேல்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒரு நிமிசம் பிந்திப்போச்சு. இத்தனை வருசத்திலை நான் பிந்தி எடுத்த ஒரே பஸ் அதுதான்.” அந்த ஒரு நிமிடத்தில் தான் எங்கே இருந்தேன் என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னார்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: இது எங்கள் கோலம் மாதிரி இருக்கிறதே. அக்காவுக்கு அது பிடிக்காது. முகம் கடுத்துவிடும். “எல்லாத்தையும் எங்கடை எண்டு இழுத்துக்கொண்டு வராதேங்கோ. உது உவையின்ரை. எனக்கு ஒண்டும் ஞாபகம் வராமல் பாக்கிறதுக்கு ஒரு சாமான் வேணும்.” ஊரில் நடந்த போரில் அவருக்குப் போனவை எவையென்று உங்களுக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. ஆட்டுக்கொம்புக்கு வெள்ளி மூடி போட்ட மூக்குத்தூள் டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலடியில் ஒரு பின்னேரம் முழுக்க இருப்பார். பனியில் பட்டு வரும் வெளிச்சம் அந்த வரவேற்பறையில் ஒரு விதமாக இருக்கும், பாலில் தண்ணீர் கலந்த நிறம். நானும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். தேநீர் ஆறிப்போயிருக்கும்.

நாங்கள் அதிகம் போனது ஆட்கள் இறந்துபோன வீடுகளுக்கு. இந்த ஊரில் பிள்ளைகள் கதவைத் திறந்துவைத்து உள்ளதை உள்ளபடி விற்பார்கள். எல்லோரும் சப்பாத்தோடு உள்ளே போவார்கள். அக்கா மட்டும் வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு அந்நியரின் கம்பளத்தில் நடப்பார். சாமானைப் பார்க்க முதல் அந்த வீட்டுக்காரர் இருந்த கதிரையைத் தேடிப் பிடித்து அதன் எதிரே சற்று நேரம் நிற்பார். புறப்படும்போது நான் பழக்கத்தில் போய் வருகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னால் கையைக் கிள்ளுவார். “செத்த வீட்டிலை சொல்லிப்போட்டு வெளிக்கிடுறேல்லை வசந்தி.” வீட்டுக்கு வந்தால் தலை முழுகாமல் எதையும் தொடமாட்டார். வாங்கிய வெள்ளி அன்றிரவு பல்கனியில் இருக்கும். மறுநாள் வெயில் பட்ட பிறகுதான் உள்ளே வரும். பதினாலாம் மாடியில், நகரத்துக்கு மேலே, பனியில் தனியே இருந்த கரண்டிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் கனவு போலத்தான் இருக்கிறது.

கிண்ணமும் அப்படி ஒரு வீட்டில் கிடைத்தது. குசினியில் இழுத்துத் திறந்த ஒரு லாச்சியில், ரப்பர் வளையங்களும் பென்சில் துண்டுகளும் போட்டு வைத்திருந்தார்கள். குவேக் என்று பெயர். இரண்டு பக்கமும் தட்டையான காது வைத்த, ஆழமில்லாத கிண்ணம். இரண்டு கையாலும் கொடுத்து இரண்டு கையாலும் வாங்கிக் குடிப்பதற்கு. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. அடியில் மூன்று சின்ன முத்திரைகள், தேய்ந்து மழுங்கி. அக்கா நூலகத்தில் இருந்து தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடியோடு மாதக்கணக்காகப் பார்த்தார். பிறகு ஒருநாள் என்னை மேலே கூப்பிட்டார்.

“இதிலை என்ன தெரியுது?”

“ஒரு பொட்டு. ஒரு கோடு.”

“வடிவாய்ப் பார். அது ஒட்டகம்.”

“ஸ்கொட்லாந்திலை ஒட்டகமோ அக்கா?”

“ஓம். இன்வெர்னஸ் எண்டு வடக்கிலை ஒரு ஊர். ஊர்ச் சின்னத்திலை ஒட்டகம் வைச்சிருக்கினம். அங்கத்தைத் தட்டார் அதை வெள்ளியிலை குத்தினவை. ஏன் எண்டு கேளாதை. பனிக்குள்ளை ஒரு ஒட்டகம் நிண்டிட்டுப் போகட்டுமன்.”

அவர் அதை விற்க நினைக்கவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. வேலை முடிந்து போகிற நாளில் பழைய சாமான் கடைக்காரர்கள் அவர் பஸ் சீருடையைப் பார்த்துவிட்டு, அம்மா, அந்தப் பெட்டியில் மலிவான கரண்டி இருக்கிறது என்று கை காட்டுவார்கள். அதனால், “தெரிஞ்ச ஒராள் பார்த்து, ஓம், ஒட்டகம்தான், நீங்கள் சரியாய் வாசிச்சிருக்கிறியள் எண்டு ஒருக்காச் சொன்னால் காணும்” என்பார். நகர மையத்தில் ஒரு மண்டபத்தில், பழம் வெள்ளி தெரிந்த ஒரு நிபுணர் வந்து சனங்களின் சாமான்களைப் பார்க்கப்போகிறார் என்று அறிந்ததும் ஆறு கிழமை முன்னரே பெயர் பதிந்தார். சனிக்கிழமை மத்தியானம். அன்றைக்கு அவருக்கு விடியற்காலை வேலை. பஸ்ஸை விட்டுவிட்டு நேரே வருவார். கிண்ணத்தை வெள்ளிக்கிழமை காலையில் என்னிடம் தந்தார். “துணியிலை சுத்தினபடியே கொண்டு வா. அவிழ்க்காதை. துடைக்காதை.”

நான் அவிழ்த்தேன்.

துடைக்கக் கூடாது என்று அவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். செதுக்கிய கோடுகளுக்குள் இருக்கும் கறுப்புத்தான் வெள்ளியின் வயது என்று விளக்கியிருக்கிறார். உண்மையைச் சொன்னால், நான் அதை அவருடைய பஞ்சிக்கு ஒரு சாட்டு என்று நினைத்திருந்தேன். வீடு கூட்டவும் அவருக்கு அலுப்புத்தான். பின்னேரம் என் மகளின் சங்கிலியை எடுக்க மார்க்கம் ரோட்டு நகைக்கடைக்குப் போனேன். கிண்ணம் பையில் இருந்தது. கோயிலுக்கு ஒரு விளக்குக் கொண்டு போவதென்றால் இப்படிக் கறுப்பாகவா கொண்டு போவோம்? நாலு பேருக்கு முன்னால் அக்கா இதையா தூக்கிக்கொண்டு நிற்பது? பத்தரிடம் கொடுத்து, மெருகு போட்டுத் தாருங்கோ, நல்லாய்ப் பளிச்செண்டு இருக்கோணும் என்றேன். அவர் பாவம், அடியில் ஏதோ குத்தியிருக்கே என்று ஒருக்காக் கேட்டார். அழுக்கு, அதையும் எடுங்கோ என்று சொன்னது நான். மெருகு போடும் சில்லு சுற்றியது. ஐந்து நிமிடத்தில் கிண்ணம் புதிதாகப் பிறந்த மாதிரி வந்தது. அதில் என் முகம் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

மண்டபத்தில் அக்கா சீருடையோடு எனக்காகக் காத்திருந்தார். எங்கள் முறை வரும்போதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். துணியை அவிழ்த்தது நிபுணர்தான், ஒரு பெண்மணி. அந்த அம்மா கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியை வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். “இங்கே ஏதோ முத்திரை இருந்திருக்கிறது. என்னவென்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. இதை யார் செய்தது?” என்றார். அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையில் கிடந்த துணியை மடிக்கத் தொடங்கினேன்.

“நான்தான். வடிவாய் இருக்கட்டும் என்று செய்தேன்” என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார்.

நிபுணர் கோபிக்கவில்லை. அதைவிட மோசம், இரக்கப்பட்டார். பழைய வெள்ளியை ஏன் தேய்க்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆறுதலாக விளக்கினார். அக்காவுக்கு அத்தனையும் தெரியும். அந்த அம்மா சொல்லாமல் விட்டதும் தெரியும். கைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். வரிசையில் எங்களுக்குப் பின்னால், மாமியாரின் மணிக்கூட்டோடு, பிக்கரிங்கில் இருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் நின்றிருந்தார். அவர் மூலம்தான் கதை பரவியது. அவரில் பிழையில்லை, கண்டதைச் சொன்னார்.

காரில் ஏறியதும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அக்கா பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். ஏரிப் பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. எங்கே தரை முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“பத்தரின்ரை சில்லிலை தூளாய் ஒட்டியிருக்கும்” என்றார். “மார்க்கம் ரோட்டிலை இப்ப ஒரு ஒட்டகம் நிக்குது.”

“ஏனக்கா பொய் சொன்னனீங்கள்?”

“உன்ரை முகத்தைப் பார்த்தனான். அந்த மனுசிக்கு முன்னாலை இரண்டு பேரும் மடைச்சியளாய் நிக்கத் தேவையில்லை. ஒராள் காணும்.”

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. யாராவது கல்யாண வீட்டில் தொடங்கினால், நான் வாயைத் திறக்க முதலே, “ஓம் ஓம், தேய்ச்சுப்போட்டன், என்ன செய்யிறது” என்று தானே முடித்துவிடுவார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். எனக்கு வெட்கம் கெட்டுப்போய் இருந்தது, அவ்வளவுதான். போன பனிக்காலத்தில் ஒருநாள் கிண்ணத்தை ஜன்னலில் சரித்துப் பிடித்து, “இந்த வெயிலுக்குத் திமில் மட்டும் தெரியுது, பார்” என்றார். எனக்கு வழுவழுப்பான வெள்ளிதான் தெரிந்தது. ஓம் அக்கா, தெரியுது என்றேன். “பொய் சொல்லாதை, உனக்கு அது வராது” என்று சிரித்தார். ஆனால் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. வெயில் போகும்வரை இருவரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விரும்பியதை எடுங்கோ அன்ரி என்று சுபா அலமாரியைத் திறந்து காட்டினாள். நான் ஒன்றும் எடுக்கவில்லை. என்னிடம் அவருடையது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆறு கிழமை காத்திருந்து போன ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, மூச்சு விடுகிற நேரம்கூட யோசியாமல், நான்தான் என்று சொன்ன அந்தக் குரல். அதை இனி எனக்குள் மட்டும் வைத்திருக்க மாட்டேன். முப்பத்தோராம் நாள் சுபா அந்தக் கிண்ணத்தை மண்டபத்து மேசையில் வைக்கப்போகிறாள். அதைப் பார்த்துச் சிரிப்பு வருகிறவர்கள் என் பக்கம் திரும்பிச் சிரியுங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன்.