விசாலாக்ஷி வரைந்த புழு

பம்பாய் மாட்டுங்காவில் பெண் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: ஆபீஸில் என்ன வேலை? "ஆட்டுக் குடல்ல இருக்கற புழுவைப் பார்த்துப் படம் போடறேன்" என்று விசாலாக்ஷி சொன்னதும் வாய்க்குப் போன பஜ்ஜி பாதி வழியில் நின்றுவிடும். ஐந்து வரன்கள் அப்படியே எழுந்து போயின. அவள் பதிலை மாற்றவில்லை.

கால்நடை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் 1944 முதல் அவள் படம் வரைபவள். தலைமயிர் பருமனே உள்ள உருண்டைப் புழுக்கள் வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் இனம் பிரியும். தோலின்மேல் வயல் வரப்புபோல ஓடும் கோடுகள், உதட்டோரத்தில் சின்ன முளைகள், கழுத்தருகே மடிப்பு. அவற்றை எண்ணி இனத்தைச் சொல்வாள் விசாலாக்ஷி. அதைத் தம் பெயரில் கட்டுரையாக எழுதுவார் டைரக்டர் டாக்டர் சேஷமணி.

1946 தொடக்கத்தில் வந்த ஒரு ஜாடிப் புழுக்களில் நீளவாட்டு வரப்புகளோடு குறுக்கேயும் வரப்புகள் தெரிந்தன. அவள் கண்டபடி வரைந்தாள். சேஷமணி படத்தைப் பார்த்துத் துள்ளினார். புதிய இனம்! இலாகாவின் தலைவர் ஹார்ட்லி துரையின் பெயரையே அதற்கு வைக்கத் தீர்மானித்தார். ஒரு குடற்புழுவுக்குத் தன் பெயர் வந்ததில் துரையும் அகமகிழ்ந்தார்.

விசாலாக்ஷிக்குத்தான் உறுத்தியது. குறுக்கு வரப்புகளின் இடைவெளி ஒரு சீராக இல்லை. புழு வளைந்த பக்கத்தில் மட்டும் ஆழமாக இருந்தன. தாராவிக்குப் போய், ஆட்டுக் குடலைச் சுத்தம் செய்யும் பட்டறை வைத்து, ஆபீஸுக்குப் புழு கொடுக்கும் சலாவுதீனிடம், ஜாடியில் எதை ஊற்றினார் என்று கேட்டாள்.

"ஸ்பிரிட்டு தீந்துபோச்சும்மா. ஒங்க ஆபீஸ்ல கேட்டா இல்லன்னுட்டாக. கெட்டுப்போவக் கூடாதேன்னு, குடல் ஊறவைக்கிற உப்புத் தண்ணியில போட்டேன். தப்பா?"

"இல்லை பாய். ரெண்டு உயிர்ப்புழு குடுங்கோ."

மறுநாள் டைரக்டர் முன்னால் ஒரு புழுவைச் சூடான ஸ்பிரிட்டிலும் இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் போட்டாள். முதலாவது வழவழவென்று நீண்டது. இரண்டாவது அரை மணியில் சுருங்கி, குறுக்கு வரப்புகளோடு புதிய இனமாகிவிட்டது.

"வெறும் சுருக்கம் சார். பழைய இனம்தான்."

சேஷமணி மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். "துரைக்கு லெட்டர் போயாச்சு. உனக்குப் படம் போடறதுதானே வேலை? அதைப் பாரு."

கட்டுரை வெளிவந்தது. அவள் வரைந்த படமும் அதில் இருந்தது. தப்பு என்று தெரிந்த புழுவுக்குத் தன் படமே சாட்சியாக நிற்கிறதே! மூன்றாம் நாள் உட்கார்ந்து, சோதனையை இரண்டே பக்கத்தில் எழுதினாள். ஒரு சஞ்சிகைக்கு அனுப்ப அனுமதி கேட்கும் தாளை டைரக்டரின் கையெழுத்துக்குப் போகும் காகிதக் கட்டுக்குள் வைத்தாள். அவர் எதையும் படித்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லாதவர். போட்டார்.

1947 ஆகஸ்டில் கொடி மாறியது, துரை கப்பலேறினார். சேஷமணி கதர் ஜிப்பாவுக்கு மாறினார். ஆராய்ச்சிக்கூடத்துச் சுவரில் தொங்கிய ஹார்ட்லி புழுவின் படம் அவர் கண்ணைக் குத்தியது. விசாலாக்ஷியைக் கூப்பிட்டார்.

"அந்த உப்புத் தண்ணி விஷயம் நினைவிருக்கா? வெள்ளைக்காரன் பேரை நம்ம ஆட்டுக் குடலிலேர்ந்து எடுத்துடணும். தேச சேவை! நான் ஒரு கட்டுரை எழுதறேன், நீ படம் போட்டுக் குடு."

"போட்டாச்சு சார். எழுதியும் ஆச்சு. போன மாசமே அச்சாகி வந்துடுத்து. என் பேர்ல."

"யார் அனுமதி கொடுத்தா?"

"நீங்கதான் சார்." கையெழுத்திட்ட தாளின் நகலை எடுத்து வைத்தாள்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார். "என் பேரு எங்கேயாவது வரதா?"

"கட்டாயம் வரணும் சார். தப்புன்னு தள்ளின பேரை எந்தப் புஸ்தகத்துல குறிப்பிட்டாலும், அதை வச்சவர் யார், எந்த வருஷம்னு பக்கத்துல போடணும். அதுதான் விதி. இனிமே எப்பவும் போடுவா."