பனியில் நின்ற பிரமுகர்கள்

போன வாரம் பில்டர் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எங்கள் பழைய மாதுங்கா கட்டடத்தை இடித்த இடத்தில் முப்பது மாடி எழும்புகிறதல்லவா, அதன் லாபிச் சுவரில் அங்கே வாழ்ந்த பிரமுகர்களின் பெயரைப் பொறிக்கப் போகிறார்களாம். "அங்கிள், உங்க பில்டிங்ல ஃபேமஸா யாராவது இருந்தாங்களா?" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை பதில் எழுதப் போய் நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

கட்டடத்தின் பொன்விழா மலருக்கு நான்தான் ஆசிரியர். பேங்கில் சேர்ந்த புதிது. தமிழ் நன்றாக எழுதுவேன் என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். 'நம் பிரமுகர்கள்' பக்கத்துக்கு வீட்டுக்கு வீடு படம் கேட்டேன். பத்து வந்தன. பத்திலும் பனி. கோட்டும் குல்லாயுமாக அமெரிக்காவிலும் கனடாவிலும் நிற்கும் பிள்ளைகள். கட்டடத்துப் பிரமுகர்களில் ஒருவர்கூடக் கட்டடத்தில் இல்லை! அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை, எனக்கும்தான்.

பதினோராவதாக வேணு மாமா வந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆன பாலக்காட்டுக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தரைத்தளத்தில் தனியாக இருந்தார். அந்தக் காலத்தில் முனிசிபல் தண்ணீர் விடிகாலையில் தன் இஷ்டத்துக்கு வந்து, முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும். மாமா காம்பவுண்டுக் குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பதினாறு வீட்டுக் கதவையும் தட்டுவார். "தண்ணி வந்துடுத்து, எழுந்திருங்கோ!" குளோரின் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு இன்னும் அந்தக் குரல் கேட்கும்.

புதுச் சட்டை போட்டு எடுத்த போட்டோவை நீட்டினார். "ரெண்டு வரி போரும்டா. என்னைப் பத்தி எழுத வேற யார் இருக்கா?"

கமிட்டியில் கேட்டேன். "கதவு தட்டறவாளெல்லாம் பிரமுகரா?" என்று செக்ரட்டரி முடித்துவிட்டார். அதை அப்படியே, அறிவுகெட்ட நான், மாமாவிடம் போய்ச் சொன்னேன். "வாஸ்தவம்தானே" என்று போட்டோவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் யாரும் கதவைத் தட்டவில்லை. ஏழு மணிக்குக் குழாயைத் திறந்தால் வெறும் காற்று. செக்ரட்டரி முகத்திலிருந்த ஷேவிங் நுரையைச் சோடா ஊற்றிக் கழுவினார். நான் இளநீரில் வாய் கொப்பளித்தேன், அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல! கமிட்டி மொத்தமும் மாமா வாசலில் போய் நின்றது.

"நான் சாதாரண மனுஷன். அசந்து தூங்கிட்டேன், மன்னிச்சுக்கணும்" என்றார் மாமா. குளித்து, விபூதி பளிச்சென்று இருந்தது.

மலரின் முதல் பக்கமே அவர்தான். அச்சாகி வந்ததும் அதைத் தடவித் தடவிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

போன் செய்த அந்தப் பெண்ணிடம் அவர் பெயரை மட்டும்தான் சொன்னேன். "என்ன பண்ணினாரு, அங்கிள்?"

"வீடு வீடாக் கதவு தட்டினார்மா."

"ஓ, சேல்ஸா?"

புதுக் கட்டடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீராம். ஒரு கதவைத் தட்டுவதென்றால் முதலில் கீழே செக்யூரிட்டியிடம் பெயர் எழுத வேண்டுமாம்.

மாமா செத்துப்போன மறுநாள் விடிகாலை நான் முழித்துத்தான் இருந்தேன். பதினாறு வீட்டிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை; கதவு தட்டட்டும் என்று படுத்திருந்தோம். தண்ணீர் வந்துவிட்டுப் போய்விட்டது.